மீட்டிங் முடிகிறது, முடிவுதான் வருவதில்லை!

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையும் அவருடைய நிறுவனத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 34. மென்பொருள் நிறுவனம் ஒன்றில், வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் குழுவில் வேலை. ஏழு மாதங்களுக்கு முன் அதே குழுவுக்கு டீம் லீடர் ஆகியிருக்கிறார். அவருக்குக் கீழே எட்டுப் பேர். அதில் இரண்டு பேர் வீட்டிலிருந்து, இரவு ஷிஃப்டில் வேலை செய்பவர்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்கு மீட்டிங். ஒரு மணி நேரம் என்று பெயர், எழுந்திருக்கும்போது பதினொன்று நாற்பது ஆகிவிடுகிறது. முதலில் ஒவ்வொருவரும் போன வாரம் செய்ததை ஒப்பிக்கிறார்கள். அப்புறம் இரண்டே பேர் பேசுகிறார்கள். அதில் ஒருவர், இவருக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர். "இன்றைக்கும் அவரை சார் என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் பேச ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த வாய் வரவில்லை" என்கிறார். மற்றவர்கள் லேப்டாப்பில் மூழ்கியிருக்கிறார்கள். "எல்லாருக்கும் ஓகேவா?" என்று கேட்டால் தலையாட்டுகிறார்கள். மீட்டிங் முடிந்த கொஞ்ச நேரத்தில், இவர் இல்லாத தனி வாட்ஸ்அப் குரூப்பில் அதே முடிவைப் பற்றிப் புலம்பல் ஆரம்பிக்கிறது. அடுத்த திங்கட்கிழமை அதே விஷயம் மறுபடி மேசைக்கு வருகிறது.

இவரும் சும்மா இருக்கவில்லை. நேரத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார். போனை வெளியே வைக்கச் சொன்னார். தாமதமாக வருபவர்களிடம் சிறு தொகை அபராதம் வாங்கினார். எதுவும் சரிப்படவில்லை. போன மாதம் மேனேஜர் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மீட்டிங்கே உங்க கண்ட்ரோல்ல இல்லையே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுகிறதாம்.

அவருடைய கேள்விகள்: எனக்குத் தலைமைப் பண்பே இல்லையா? சீனியர் மேல் எச்.ஆரிடம் புகார் கொடுக்கலாமா? யாருக்கும் சொல்லாமல் மீட்டிங்கை ரெக்கார்டு செய்து மேனேஜரிடம் காட்டலாமா? இல்லை, மீட்டிங்கையே நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மெயிலில் முடித்துக்கொள்ளலாமா?

அன்புச் சகோதரிக்கு,

முதலில் மேனேஜர் சொன்னதைப் பற்றி. குறை சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் உங்கள் குழுவின் முன்னால் அதைச் சொன்னது தவறு. ஒரு மீட்டிங்கைப் பற்றி அவர் சொன்னதை நீங்கள் உங்கள் குணத்தின் மேல் வந்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த மீட்டிங் அமைக்கப்பட்டிருக்கும் விதத்தில், அந்த நாற்காலியில் யாரை உட்காரவைத்தாலும் இதேதான் நடக்கும். குரலை உயர்த்துபவராக இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் முடித்திருப்பார். முடிவு அப்போதும் வந்திருக்காது. அதனால் உங்களைத் திருத்துவதை விட்டுவிட்டு மீட்டிங்கைத் திருத்துவோம். வயிற்றுக் கலக்கம் வார நாட்களுக்கும் பரவி, தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போனால் மட்டும் தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

அந்த நான்கு வரி அஜெண்டா

கடிதத்தோடு போன திங்கட்கிழமை அஜெண்டாவையும் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் இருப்பது இவ்வளவுதான்: "1. போன வார ஸ்டேட்டஸ். 2. புகார்கள். 3. புதிய ரிலீஸ். 4. இதர விஷயங்கள்." நான்குமே தலைப்புகள். ஒரு தலைப்பைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், போதும் என்று யாராலும் சொல்ல முடியாது. "புகார்கள்" என்று எழுதிவைத்தால் ஒவ்வொருவருக்கும் நினைவில் இருக்கும் புகார் ஒன்று வெளியே வரும். அதையே "இரவில் வரும் புகாருக்கு முதல் பதில் தரும் பொறுப்பு யாருக்கு? புதன்கிழமை முதல் அமல்" என்று எழுதிப் பாருங்கள். பதில் கிடைத்ததும் அந்தப் பேச்சு தானாக முடிந்துவிடும். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதாவது எல்லாருக்கும் தெரியும்.

ஷிஃப்ட் அட்டவணையை எக்செல்லில் வைப்பதா வேறு ஆப்பில் வைப்பதா என்ற பேச்சு அரை மணி நேரம் ஓடியது, ரிலீஸ், அதாவது மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிடுவது பற்றிய பேச்சு ஐந்தே நிமிடத்தில் முடிந்தது, "இவர்களுக்குப் பொறுப்பே இல்லை" என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இது பொறுப்பு சம்பந்தப்பட்டதில்லை. நார்த்கோட் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 1957-இல் இதை ஒரு கற்பனைக் கமிட்டியை வைத்து விளக்கினார். அந்தக் கமிட்டி ஓர் அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டு, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் விவாதிக்கும். அணு உலை யாருக்கும் பிடிபடாது, கொட்டகையைப் பற்றி எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும். உங்கள் குழுவிலும் ரிலீஸைப் பற்றிய முழு விவரம் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது முன்கூட்டியே எழுத்தில் கிடைத்திருந்தால் பேசியிருப்பார்கள்.

அடுத்தது ஸ்டேட்டஸ். நூறு நிமிடம், உங்களையும் சேர்த்து ஒன்பது பேர். ஒரு திங்கட்கிழமைக்கு 15 மணி நேர உழைப்பு செலவாகிறது. அதில் பாதிக்கு மேல், ஒருவர் வாசிக்க எட்டுப் பேர் கேட்பதில் போகிறது. இதை எழுத்துக்கு மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆளுக்கு மூன்று வரி: முடிந்தது, முடியாதது, யாருடைய உதவி வேண்டும். "எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்" என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான், படிக்க மாட்டார்கள். அதனால் மீட்டிங்கின் முதல் எட்டு நிமிடத்தை அதற்கே ஒதுக்குங்கள். யாரும் பேசாமல், எல்லாரும் உட்கார்ந்து படிக்கட்டும். கேட்க விசித்திரமாக இருந்தாலும், அமேசான் நிறுவனத்தில் மூத்த அதிகாரிகளின் கூட்டங்கள் இப்படித்தான் தொடங்கும். ஸ்லைடு போட்டு விளக்குவதை அங்கே 2004-லேயே நிறுத்திவிட்டு, எழுதிய குறிப்பை அறையிலேயே படிக்கும் வழக்கத்துக்குப் போனார்கள். ஒருவர் வாய்விட்டுச் சொல்லி முடிப்பதைவிடக் கண்ணால் படிப்பது வேகமானது. எல்லாரும் ஒரே தகவலோடு பேச ஆரம்பிக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய லாபம்.

நேரத்தைப் பாதியாகக் குறைத்தும் பலன் இல்லை என்கிறீர்களே, அதற்கும் காரணம் இருக்கிறது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், நின்றுகொண்டே பேசிய குழுக்களையும் உட்கார்ந்து பேசிய குழுக்களையும் ஒப்பிட்டார்கள். உட்கார்ந்தவர்கள் 34 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அவர்கள் எடுத்த முடிவுகள் ஒன்றும் மேலாக இல்லை. இதைக் கேட்டுவிட்டு நாற்காலிகளை வெளியே தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்காதது ஒன்று: அந்தக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு தெளிவான கேள்வி கொடுக்கப்பட்டிருந்தது. கேள்வி இருந்தால் நேரத்தைக் குறைக்கலாம். உங்கள் மீட்டிங்கில் கேள்வியே இல்லாததால், குறைத்த நேரத்தில் அதே அரட்டை அவசர அவசரமாக நடந்திருக்கிறது.

தலையாட்டினால் சம்மதமா?

கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "நான் எதையும் மறைப்பதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிட்டு, அப்புறம்தான் அவர்களுடைய கருத்தைக் கேட்பேன்" என்கிறீர்கள். நல்ல எண்ணத்தில் செய்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் உங்கள் குழு வாயைத் திறக்காததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு மதிப்பெண் போடுபவர் நீங்கள். நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அடுத்து சீனியர் அதை ஆமோதித்துவிட்டார். மூன்றாவதாகப் பேசுபவர் என்ன சொல்ல முடியும்?

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் நடத்திய சோதனைகள் இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்தவை. எந்தக் கோடு எந்தக் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று, கண்ணால் பார்த்தாலே தெரிகிற கேள்வி. முன்னால் பேசிய எல்லாரும் ஏற்பாட்டின்படி ஒரே தவறான பதிலைச் சொல்வார்கள். சோதனைக்கு வந்தவர்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு தடவை, கண்ணுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார்கள். அங்கே மேலதிகாரி யாரும் இல்லை, சம்பள உயர்வும் இல்லை. அப்படியும் அந்த நிலை. ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னால்கூட, இப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. உங்கள் மீட்டிங்குக்கு அந்த ஒருவர் தேவை. அவர் வாய் திறக்க வேண்டுமென்றால், நீங்கள் கடைசியில் பேச வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1985-இல் ஸ்டாஸர், டைட்டஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியது: ஒரு குழு கூடிப் பேசும்போது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயமே திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. உங்கள் இரவு ஷிஃப்ட்காரர்கள் இரண்டு பேரையும் நினைத்துப் பாருங்கள். இரவில் என்ன மாதிரியான புகார் வருகிறது என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள்தான் திரையில் சின்னக் கட்டங்களாக, மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரவு முழுக்க விழித்தவர்களைக் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவது நியாயமா என்பதையும் யோசியுங்கள். அவர்கள் ஷிஃப்ட் தொடங்கும் மாலை நேரத்துக்கு மீட்டிங்கை நகர்த்த முடியாதா?

நான் சொல்லும் முறை இது. கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். மூன்று நிமிடம், எல்லாரும் அவரவர் பதிலைத் தாளில் எழுதட்டும். பிறகு வீடியோவில் இருப்பவர்கள் முதலில் வாசிக்கட்டும், அடுத்து குழுவில் புதியவர், அப்படியே வரிசையாக. சீனியர் கடைசிக்கு முன்னால், நீங்கள் கடைசி. கூச்சப்படுபவரைத் திடீரென்று பெயர் சொல்லிக் கேட்டால் பதறிப்போவார். எழுதியதை வாசிக்கச் சொன்னால் அந்தப் பதற்றம் இருக்காது. வாசிக்கும்போது குறுக்கே பேசக் கூடாது, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் அந்த "ஓகேவா?" வேண்டாம். அதற்குத் தலையாட்டல் மட்டும்தான் பதிலாக வரும். "இப்படிச் செய்தால் எங்கே இடிக்கும்?" என்று கேளுங்கள். முதல் தடவை அமைதியாகத்தான் இருப்பார்கள். அந்த அமைதியை நீங்களே பேசி நிரப்பிவிடாதீர்கள், காத்திருங்கள். ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு குறையைச் சொன்னால் உடனே சமாதானம் சொல்லாமல், அவர் சொன்ன வார்த்தையிலேயே பலகையில் எழுதுங்கள். அந்தக் குறைக்கு நீங்கள் எப்படி முகம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் மற்ற ஏழு பேரும் அடுத்த வாரம் பேசலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

அந்த வாட்ஸ்அப் குரூப்பைத் தேடிப் போகாதீர்கள், கலைக்கவும் சொல்லாதீர்கள். உங்களிடம் சொல்லத் துணியாததை அங்கே சொல்லிக்கொள்கிறார்கள். மீட்டிங்கில் சொல்ல முடிந்தால் அங்கே புலம்பல் தானாகக் குறையும்.

சீனியரிடம் எப்படிப் பேசுவது

அவர் உங்களைச் சிறுமைப்படுத்துவதாக நீங்கள் எங்குமே எழுதவில்லை. நீளமாகப் பேசுகிறார், பழைய கதைகளுக்குப் போய்விடுகிறார், அவ்வளவுதான். தன்னிடம் வேலை கற்றவர் தனக்கு மேலே வந்தது அவருக்கு உறுத்தலாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை ஊகித்துக்கொண்டு பேசப் போகாதீர்கள். மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அவரை நிறுத்த முயல்வதும் வேண்டாம். மேனேஜர் உங்களுக்குச் செய்ததை நீங்கள் அவருக்குச் செய்தது போலாகும்.

திங்கட்கிழமைக்கு முன் தனியாக ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். இப்படி ஆரம்பிக்கலாம்: "சார், உங்ககிட்ட ஒரு உதவி வேணும். மீட்டிங்ல சின்னப் பசங்க பேசவே மாட்டேங்கிறாங்க. நீங்களும் நானும் முதல்ல பேசிட்டா அவங்களுக்குச் சொல்ல ஒண்ணும் இல்லாம போயிடுது. இனிமே நாம ரெண்டு பேரும் கடைசியா பேசலாமா?" இதில் பொய் எதுவும் இல்லை. அவரோடு உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள். பேச்சு திசை மாறினால், "சார், இதைத் தனியா எடுத்துக்கலாமா?" என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். முன்கூட்டிச் சொன்ன வாசகம் அவமானமாகத் தெரியாது. பலகையின் ஓரத்தில் "பிறகு பேச வேண்டியவை" என்று ஒரு பகுதி ஒதுக்கி, அவர் எடுத்த விஷயத்தை அங்கே எழுதுங்கள். எழுதியதை அந்த வாரத்துக்குள் அவரோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அது வாயை அடைக்கும் தந்திரம் என்று இரண்டாவது வாரமே அவருக்குப் புரிந்துவிடும்.

அவருடைய அனுபவத்துக்கு மீட்டிங்குக்கு வெளியே ஓர் இடம் கொடுங்கள். சிக்கலான ஒரு புகாரை எப்படிக் கையாள்வது என்று புதியவர்களுக்கு வாரம் ஒரு முறை இருபது நிமிடம் அவர் சொல்லிக்கொடுக்கலாம். பழைய கதைகளுக்கு அங்கே நிஜமான மதிப்பு இருக்கிறது.

புகார், ரெக்கார்டிங், அபராதம்

இதில் கொஞ்சம் கவனமாக இருங்கள். அதிகம் பேசுவது நடத்தை விதி மீறல் இல்லை. இப்போது எச்.ஆரிடம் எழுத்தில் புகார் கொடுத்தால், நேரில் ஒரு முறையாவது பேசினீர்களா என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கும். இல்லை என்ற பதில் உங்களுக்கு எதிராகவே போகும். பேசிய பிறகும் அவர் வேண்டுமென்றே குலைத்தால், முதலில் மேனேஜரிடம் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் பெண் என்பதை வைத்தோ, வயதை வைத்தோ, வேறு எதை வைத்தோ யாராவது இழிவாகப் பேசினால் கதையே வேறு. அதற்குப் பொறுமை காட்ட வேண்டியதில்லை. தேதி, சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள் ஆகியவற்றை அன்றைக்கே குறித்துவைத்து முறைப்படி புகார் கொடுங்கள்.

ரகசியமாக ரெக்கார்டு செய்யவே செய்யாதீர்கள். பல நிறுவனங்களில் அது நேரடியான விதி மீறல், சில நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. வாடிக்கையாளர் விவரங்கள் பேசப்படும் கூட்டம் என்பதால் ஆபத்து இரட்டிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, இது வெளியே தெரிந்த அன்று உங்கள் குழு உங்களிடம் பேசுவதை அடியோடு நிறுத்திவிடும்.

அபராதம் வாங்குவதை இந்த வாரமே நிறுத்துங்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. ஊழியரிடம் பணம் பிடிப்பதைப் பல நாடுகளின் தொழிலாளர் சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன, டீம் லீடருக்கு அந்த அதிகாரம் கிடையாது. விளையாட்டாகச் செய்தோம் என்றாலும், யாராவது புகார் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். தாமதத்துக்கு மருந்து வேறு: சரியான நேரத்துக்குத் தொடங்குங்கள், தாமதமாக வந்தவருக்காக மறுபடி முதலிலிருந்து சொல்லாதீர்கள். நேரத்துக்கு வந்த ஆறு பேர் காத்திருந்தால் அடுத்த வாரம் அவர்களும் தாமதமாகத்தான் வருவார்கள்.

மீட்டிங்கை அடியோடு நிறுத்துவது பற்றி: கேள்வி இல்லாத வாரத்தில் தயங்காமல் ரத்து செய்யுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. கேள்வி மூன்று பேர் சம்பந்தப்பட்டது என்றால் மூன்று பேரை மட்டும் கூப்பிடுங்கள், மற்றவர்களுக்கு முடிவு எழுத்தில் போகட்டும். ஆனால் கருத்து வேறுபாடு உள்ள விஷயத்தை மெயிலுக்கு விடாதீர்கள். எழுத்தில் குரல் கேட்காது. நான்கு மெயிலில் முடியாத சண்டை, எதிரெதிரே உட்கார்ந்தால் பெரும்பாலும் பேச்சோடு தீர்ந்துவிடும்.

கடைசி ஐந்து நிமிடம்

நீங்கள் அனுப்பிய மினிட்ஸில், அதாவது மீட்டிங் குறிப்புகளில், மூன்று வாரமாக ஒரே வரி இருக்கிறது: "ரிலீஸ் குறித்து டெஸ்டிங் டீமிடம் பேச வேண்டும் என்று முடிவானது." யார் பேச வேண்டும்? எப்போது? எட்டுப் பேரும் வேறு யாரோ பேசுவார்கள் என்று இருந்துவிட்டார்கள். யாருக்கும் சோம்பேறித்தனம் இல்லை, வேலை யார் பெயருக்கும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். மீட்டிங் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு முடிவையும் பெயர், செய்ய வேண்டியது, தேதி என்று எல்லாரும் பார்க்க எழுதுங்கள். பெயர் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். இரண்டு பெயர் எழுதினால் இருவரும் காத்திருப்பார்கள். உரியவர் தன் வாயால் "சரி, வியாழக்கிழமைக்குள் பேசிவிடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். முடியாது என்றால் அப்போதே சொல்லும் சுதந்திரமும் அவருக்கு வேண்டும். ஒருமுறை முடிவான விஷயத்தை, புதிய தகவல் வந்தால் மட்டும் திறப்போம் என்று குழுவோடு பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஆரம்பிக்கும் முன் மேனேஜரைத் தனியாகப் பாருங்கள். பழைய மனவருத்தத்தைக் கொட்டுவதற்காக இல்லை. "நீங்கள் சொன்ன குறையைச் சரிசெய்ய இந்த மாற்றங்களைச் செய்கிறேன். ஆறு வாரம் கொடுங்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், குழுவின் முன்னால் வேண்டாம்" என்று கேளுங்கள். இதைக் கேட்பது உங்கள் உரிமை. ஆறு வாரம் கழித்து அவரை மறுபடி வந்து உட்காரச் சொல்லுங்கள். அவரையும் கடைசியில் பேசச் சொல்லுங்கள்.